தூம்பு

தூம்பு என்பது நீர் செல்வதற்கென உள்ளே துளையாக அமைந்த வழியைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீரை வெளியேற்றும் குழாய், வீட்டுக் கழிவுநீர் செல்லும் மூடிய வடிகால், ஏரி அல்லது கண்மாயின் கரைக்கு அடியில் பாசன நீர் செல்லும் மதகு ஆகிய மூன்றையும் இச்சொல் குறிக்கும். முதல் இரண்டும் வீட்டைச் சேர்ந்தவை. மூன்றாவது ஊரைச் சேர்ந்தது. இம்மூன்றுக்கும் ஒரே பெயர் அமைந்ததன் காரணத்தை அறிவதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் பொருத்தமான இடமாகும். ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு எதுவும் இல்லாத இம்மாவட்டத்தில், கண்மாய்களின் நடுவே நிற்கும் பழைய குமிழித்தூம்புகள் பல இன்றும் காணப்படுகின்றன.

பொருள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி உள்ளிட்ட அகராதிகள் இச்சொல்லுக்கு உட்டுளைப் பொருள், மூங்கிற் குழாய், மதகு, சலதாரை, வாய்க்கால் எனப் பல பொருள்களைத் தருகின்றன. இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், "உள்ளே வெறுமையாக, இருபுறமும் திறந்து இருப்பது" என்னும் கருத்து எல்லாவற்றிலும் பொதுவாக உள்ளது. சங்கப் பாடல்களில் யானையின் துதிக்கை தூம்பு உடையது எனப்படுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளைப் பட்டியலிடும் இடத்தில் தூம்பு என்னும் ஊதுகருவியையும் கூறுகிறது. இது மூங்கிலின் கணுக்களைத் திறந்துவிட்டுச் செய்யப்பட்ட நீண்ட குழல் ஆகும். உரையில் நெடுவங்கியம் எனப்படுகிறது.

கணுக்களைத் திறந்த மூங்கிலில் காற்றைச் செலுத்தினால் அது இசைக்கருவி. அதையே கூரையின் ஓரத்தில் கட்டி மழைநீரைச் செலுத்தினால் நீர்க்குழாய். பொருள் விரிந்த வழியை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம்.

சொற்பிறப்பு

தூம்பு திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்தில் தூம்பு எனவும், கன்னடத்தில் தூம்பு, தூபு எனவும், தெலுங்கில் தூமு எனவும் வழங்குகிறது. பரோ, எமனோ ஆகியோர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு 1984) இவற்றை ஒரே தலைப்பின் கீழ்த் தருகிறது. தெலங்கானாவின் காகத்தியர் கால ஏரிகளின் மதகுகளுக்கு இன்றும் தூமு என்பதே பெயர். ஏரிப்பாசனம் தழைத்த தென்னிந்திய மொழிகளில் மதகுக்கு ஒரே வேரிலிருந்து வந்த சொல் நிலைத்திருப்பது கவனத்திற்குரியது. துளை, தொளை முதலிய சொற்களோடு தூம்பை இணைத்துக் காட்டுவோரும் உண்டு. ஒலி நெருக்கத்தை மட்டும் கொண்டு அவ்வாறு முடிவு செய்வது பொருத்தமன்று.

தெலுங்கில் தூமு என்பது தானியம் அளக்கும் ஒரு முகத்தலளவையின் பெயருமாகும். இது தற்செயலன்று எனக் கருத இடமுண்டு. ஏனெனில், பழந்தமிழில் கூரைநீர் விழும் வாயைக் குறித்த மற்றொரு சொல்லான அம்பணம் என்பதும் அவ்வாறே மரக்கால் என்னும் அளவையையும் குறித்தது. நெல் அளக்கும் கலமும் நீர் செல்லும் குழாயும் குடையப்பட்ட மரத்தாலோ மூங்கிலாலோ ஆனவை. ஒரு முனை அடைபட்டிருந்தால் அது அளவைக் கலம். இரு முனையும் திறந்திருந்தால் அது தூம்பு.

பழந்தமிழ் இலக்கியத்தில் கூரைநீர்

தமிழில் கூரைநீர் வடிகால் பற்றிய மிகப் பழைய விரிவான காட்சிகளுள் ஒன்று நெடுநல்வாடையில் உள்ளது. பாண்டியனின் அரண்மனையை வருணிக்கும் பகுதியில், நிலவொளியை நுகர்வதற்காக அமைத்த வெண்ணிற மேல்முற்றத்தில் பெய்த மழை, மகர மீனின் அங்காந்த வாய் போலச் செய்யப்பட்ட அம்பணத்தை நிறைத்து அருவி போல ஓசையுடன் வீழ்வதாகப் புலவர் காட்டுகிறார். மேல்தளத்துக்கு வாட்டம் வைத்து, நீரை ஓரிடத்தில் சேர்த்து, சுவரைத் தொடாமல் வெளியே விழச் செய்யும் முறை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்ததை இக்காட்சி உணர்த்துகிறது. பிற்காலக் கோயில்களில் காணப்படும் யாளிவாய், மகரவாய் நீர்விழிகள் இம்மரபைச் சேர்ந்தவையே.

நகரங்களின் மூடிய நீர்வழிகள் சுருங்கை எனப்பட்டன. இச்சொல்லைக் கிரேக்க மொழியில் குழல் என்னும் பொருளுடைய சிரிங்ஸ் என்பதோடு தொடர்புபடுத்தும் கருத்து ஆய்வாளர்களிடையே உண்டு. அங்கும் இசைக்குழலின் பெயரே நிலத்தடி வழிக்கும் ஆகியிருப்பது தூம்பின் கதையை நினைவூட்டுகிறது. புதுக்கோட்டைக்குத் தெற்கே, சிவகங்கை மாவட்டத்தின் கீழடியில் 2014 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், நீர் வழிவதற்கான பள்ளங்களுடன் கூடிய கூரை ஓடுகளும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட சுடுமண் குழாய்களும் கிடைத்துள்ளன.

கூரையிலிருந்து ஊருணி வரை

புதுக்கோட்டைப் பகுதியின் எளிய மண்சுவர் வீடுகளில் கூரைநீருக்கெனத் தனி அமைப்பு எதுவும் இல்லை. கூரையை இறவாணம் வரை நீட்டி, நீரைச் சுவருக்கு அப்பால் சொட்டவிடுவதே வழக்கம். வீட்டின் அடித்தளம் தெருவை விட உயர்ந்திருக்கும்; திண்ணை சுவருக்குக் காப்பாகும். மண்சுவருக்கு மழையை விடவும் சுவரோடு ஒட்டி வழியும் நீரே பெரும்பகை. நீருக்குப் பரப்புகளின் மேல் ஒட்டிப் படரும் இயல்பு உண்டு. ஆகவே தூம்பின் வாய் சுவரிலிருந்து போதிய அளவு வெளியே நீளாவிட்டால், நீர் அதன் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு திரும்பிச் சுவரை அடைந்துவிடும். பழைய கட்டடங்களின் தூம்புவாய்கள் நீண்டிருப்பதும், அவற்றின் முனை கீழ்நோக்கி வளைந்திருப்பதும் அழகுக்காக மட்டுமன்று.

ஓட்டு வீடுகளில் நிலைமை வேறு. செட்டிநாடு எனப்படும் பகுதி சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவியுள்ளது. ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, அரிமளம், குழிபிறை முதலிய ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளவை. இவ்வூர்களின் பெரிய வீடுகளில் நான்கு புறத்துக் கூரைகளும் உள்நோக்கிச் சரிந்து நடு முற்றத்தை நோக்கி நீரைத் தள்ளுகின்றன. இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் உள்மூலை கூடல்வாய் எனப்படும். மழைநீர் மிகுதியாகத் திரண்டு வருவதும், ஓட்டுக் கூரை முதலில் ஒழுகத் தொடங்குவதும் கூடல்வாயில்தான். எனவே அவ்விடத்தில் உலோகத் தகடு பதிக்கப்படும். தாழ்வாரத்தின் ஓரமாக ஓடும் தகரக் குழாய்கள் நீரைச் சேர்த்து முற்றத்தில் வைக்கப்பட்ட அண்டாக்களில் விடும். எஞ்சிய நீர் முற்றத்தின் மூலையிலுள்ள துளை வழியாக, வீட்டுக்கு அடியில் செல்லும் மூடுவழியில் தெருவுக்குப் போகும்.

தெருவுக்கு வந்த நீர் வீணாகவில்லை. தெருக்களின் வாட்டம் ஊருணியை நோக்கி அமைந்திருந்தது. ஊருணி என்பது ஊரார் குடிநீருக்காகப் பேணிய குளம். செட்டிநாட்டு ஊர்களின் இந்நீர் ஒழுங்கு, 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இவ்வூர்த் தொகுதிகள் சேர்க்கப்பட்டபோது எடுத்துக்காட்டப்பட்ட சிறப்புகளுள் ஒன்றாகும்.

இதன் அளவை எளிய கணக்கால் அறியலாம். 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழும். ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் எனக் கொண்டால் அக்கூரையின் ஓராண்டு வரவு 90,000 லிட்டர். செட்டிநாட்டுப் பெருவீடுகளின் கூரைப்பரப்பு இதைப் போலப் பல மடங்கு. மழையின் கணிசமான பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்துவிடுவதால், அந்தச் சில வாரங்களில் பிடித்து வைப்பதைக் கொண்டே மற்ற மாதங்களைக் கடத்த வேண்டும். வீட்டுத் தூம்பில் தொடங்கும் இக்கவலை, ஊர் அளவில் கண்மாயாக விரிகிறது.

குமிழித்தூம்பு

வெள்ளாறு, பாம்பாறு, அக்னியாறு முதலியவை இம்மாவட்டத்தின் ஆறுகள். இவை மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. காவிரி நீர், 1934இல் நிறைவுற்ற மேட்டூர்த் திட்டத்தின் பகுதியான கல்லணைக் கால்வாய் வழியாக மாவட்டத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே எட்டுகிறது. எஞ்சிய நிலம் கண்மாய், ஏந்தல், தாங்கல், குளம் எனப் பலவாறு பெயர் பெற்ற நீர்நிலைகளைச் சார்ந்தது. புதுக்கோட்டை நகரை அடுத்துள்ள கவிநாட்டுக் கண்மாய் இவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வழி வரத்துவாரி. மிகை நீர் வெளியேறும் வழி கலிங்கு. பாசனத்துக்கு நீர் விடும் வழி மடை அல்லது தூம்பு.

குமிழித்தூம்பு என்பது மடைகளுள் பழைமையான, நுட்பம் மிக்க வகையாகும். இது கரையின் மீது இராமல், கரையிலிருந்து சற்று உள்ளே, நீர்பிடிப்பின் தரையில் அமைந்திருக்கும். தரையில் கல்லால் ஆன ஒரு தொட்டி கட்டப்பட்டு, அதிலிருந்து கரைக்கு அடியாக ஒரு கல் அல்லது செங்கல் குழாய் வயற்புறம் வரை செல்லும். தொட்டியின் மேல்மூடிப் பலகைக் கல்லில் ஒரு வட்டத்துளை உண்டு. இது நீரோடி எனப்படும். தொட்டியின் இருபுறமும் இரண்டு உயரமான கல்தூண்கள் நிற்கும். தூண்களை இணைக்கும் குறுக்குக் கற்களின் துளைகள் வழியாக ஒரு நீண்ட தண்டு கீழிறங்கி, அதன் அடிமுனை நீரோடித் துளையைத் தக்கை போல அடைத்திருக்கும். தண்டை உயர்த்தினால் துளை திறக்கும். நீர் சுழன்று உள்ளே இறங்கும்போது மேற்பரப்பில் குமிழிகள் எழும். இதனாலேயே குமிழி என்னும் பெயர் வந்தது என்பர்.

தொட்டியின் கீழ்ப்பகுதியில் சேறோடி எனப்படும் சிறு துளைகளும் உண்டு. நீர் தொட்டிக்குள் விரைந்து இறங்கும்போது, தரைமட்டத்தில் படிந்த வண்டலும் இத்துளைகள் வழியாக இழுக்கப்பட்டு வயலுக்குச் செல்லும். கண்மாய் தூர்வதும் குறையும், வயலுக்கு உரமும் சேரும். தற்கால அணைகள் பலவற்றின் முதன்மைச் சிக்கல் வண்டல் படிவதே என்பதை நோக்க, இச்சிறு துளைகளின் மதிப்பு விளங்கும்.

மடையைக் கரையில் வைக்காமல் உள்ளே தள்ளி அமைத்ததற்கும் காரணம் உண்டு. திறப்பைச் சுற்றி எழும் சுழலும் அரிப்பும் மண்கரையைத் தாக்குவதில்லை. மேலும், வெளியேறும் நீரின் விரைவு துளைக்கு மேலுள்ள நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இவ்விதியை 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான டாரிசெல்லி வகுத்தார். எடுத்துக்காட்டாக, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளைக்கு மேல் 2 மீட்டர் நீர் நிற்குமாயின், நொடிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் நீர் வெளியேறும். நீர்மட்டம் பாதியாகி 1 மீட்டராகக் குறைந்தாலும் வெளியேற்றம் பாதியாகக் குறையாமல் ஏறத்தாழ 21 லிட்டராக இருக்கும். நீர் குறைந்த காலத்திலும் கடைமடைக்கு ஓரளவு ஒழுங்கான பாய்ச்சல் கிடைக்க இது உதவுகிறது. இந்த விதியை எழுத்தில் வகுக்காதவர்கள், துளையின் அளவைக் கொண்டே நீர்ப்பங்கீட்டைச் செய்து காட்டினர்.

இலங்கையின் பழைய குளங்களிலுள்ள பிசோகொட்டுவ என்னும் அமைப்பு இதனோடு ஒப்பிடத்தக்கது. இலங்கை நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய பொறியாளர் என்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய தம் நூலில் அதனை நீரைக் கட்டுப்படுத்தும் அடைப்புக் கிணறு என விளக்கினார். அது அணைக்கரையோடு சேர்ந்து அமைவது. குமிழித்தூம்போ கரையை விட்டு விலகி நிற்பது.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்கள் உள்ளன. குமிழித்தூண்களில் பொறித்த கல்வெட்டுகள், குமிழியைச் செய்து கொடுத்தவரின் பெயரைச் சொல்பவை. கோயிலுக்கு விளக்கு வைத்ததையும் குளத்துக்குக் குமிழி இட்டதையும் ஒரே நிலையிலான அறமாக அக்காலத்தவர் கல்லில் வெட்டினர். நீர் நிறைந்திருக்கும்போது இக்கல்வெட்டுகளின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்துவிடும். கோடையில்தான் படிக்க இயலும்.

"மடையர்" பற்றிய ஒரு குறிப்பு

வெள்ளக் காலத்தில் நீரில் மூழ்கி மடையைத் திறந்தவர்கள் மடையர் எனப்பட்டனர் என்றும், அச்சொல்லே பின்னர் "மடையன்" என வசைச்சொல்லாயிற்று என்றும் ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. மடையைத் திறப்பது இடர் மிகுந்த பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறிவற்றவன் எனப் பொருள்படும் மடையன் என்னும் சொல், அறியாமையைக் குறிக்கும் மடம், மடமை ஆகியவற்றின் வழி வந்தது. இலக்கியத்தில் வரும் மடையர் என்பதோ சமையற்காரரைக் குறிப்பது. அங்கு மடை என்பதன் பொருள் சோறு, படையல் என்பதாகும். உருவத்தில் ஒன்றாகவும் பிறப்பில் வேறாகவும் உள்ள இச்சொற்களை ஒன்றாக்குவது சொற்பிறப்பியல் ஆகாது.

கல்லும் மழையும்

கூரைநீரைத் தவறவிட்டால் நேர்வது என்ன என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு பழைய சான்று உண்டு. நார்த்தாமலையில் உள்ள விசயாலய சோழீச்சுரம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்றளியாகும். சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் எடுப்பித்த இக்கற்றளி மழையால் இடிந்தது என்றும், மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்றும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இதனை இடிமின்னல் தாக்கியதாகப் பொருள் கொள்வோரும் உளர். எவ்வாறாயினும், கருங்கல்லால் ஆன கோயிலும் மழைக்குத் தப்பவில்லை என்பதைக் கட்டியவர்களே பதிவு செய்தமை அரிதான செய்தி.

இதே மாவட்டத்தின் ஆவுடையார்கோயில் ஆத்மநாதசுவாமி கோயிலின் கொடுங்கை புகழ்பெற்றது. கொடுங்கை என்பது கூரையின் வளைந்து நீண்ட விளிம்பு. நீரைச் சுவரிலிருந்து தள்ளி விழச் செய்வதே அதன் வேலை. மரக்கூரையின் கைமரங்களும் வரிச்சல்களும் ஆணிகளும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தைப் பார்த்த கண்ணுக்கு இதன் மூலம் எது என்பது உடனே விளங்கும். கோயிற் கட்டடக்கலையில் கருவறையின் திருமஞ்சன நீர் வெளிவரும் கல்வாய்க்குக் கோமுகம் என்றும், வடமொழி வழிப் பிரநாளம் என்றும் பெயர்.

பிற வட்டாரச் சொற்கள்

கூரைநீர்க் குழாய்க்குத் தமிழ் வழங்கும் நிலமெங்கும் ஒரே சொல் இல்லை. இலங்கைத் தமிழில் பீலி என்பது வழக்கு. யாழ்ப்பாணத்தில் கூரையோரத் தகரக் குழாயைக் குறிக்கும் இச்சொல், மலையகத்தில் மலைச்சரிவின் நீரைக் குழாய் வைத்து விழச் செய்து மக்கள் குளிக்கவும் குடிநீர் எடுக்கவும் பயன்படுத்தும் இடத்தைக் குறிக்கிறது. சிங்களத்தின் பீல்ல என்பதும் இதே பொருளுடையது. மலையகத் தமிழரின் முன்னோரில் பலர் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தோட்டங்களுக்குச் சென்றவர்கள் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆனால் அவர்கள் அங்கு பற்றிக்கொண்ட சொல் தூம்பு அன்று, பீலியே. தமிழகத்தில் பீலி என்றவுடன் மயிற்பீலியே நினைவுக்கு வரும். மலையாளத்தில் பாத்தி என்பது கூரைநீர்க் குழாய்; தமிழில் அது தோட்டத்தில் செடி வளர்க்கும் பாத்தி. சலதாரை என்பது வடமொழிச் சொற்களால் ஆன கூட்டு.

தற்காலம்

கண்மாய்களில் குமிழித்தூம்புகளின் இடத்தை, கரையிலிருந்தே திருகித் திறக்கும் இரும்பு ஷட்டர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. இயக்குவது எளிது என்பது உண்மையே. சேறோடி மட்டும் அவற்றில் இல்லை. கட்டடங்களில் காரைத் தளமும் பிளாஸ்டிக் குழாயும் வந்தபின், கூரைநீர்க் குழாய் "மழைத்தண்ணி பைப்" ஆயிற்று. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் மூலம் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதன் வழி பதிக்கப்பட்ட குழாய்கள் கூரைநீரை மணலும் சரளையும் நிரப்பிய குழிக்குள் கொண்டு செல்பவை. செய்யும் வேலையால் அவையும் தூம்புகளே. அரசாணைகளிலோ கொத்தனார் பேச்சிலோ அச்சொல் இடம்பெறவில்லை.

நீர் வற்றிய கண்மாயின் நடுவே தனித்து நிற்கும் இரு கல்தூண்களைக் காண்பவர், அவற்றை இடிந்த கோயிலின் எச்சமென எண்ணிவிடக்கூடும். தூர்வாரும் இயந்திரத்தை இயக்குபவருக்கு அவை வெறும் இடையூறாகத் தோன்றலாம். தூண்களின் அடியில் மண்ணை விலக்கிப் பார்த்தால், வட்டத்துளையுடன் கூடிய மூடுகல் தென்படும்.